காலைச் செய்தி வாசிப்பது நான் இல்லை

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறையில்லை, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதை ஆரம்பிக்கிறேன். சின்னவளுக்கு மேல்வரிசைப் பல் முளைத்துவிட்டதா, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிற நேரம், பொத்தான் ஊசி எதையும் தரையில் விடாதே. போன வாரம் பேசும்போது, தினமும் சமைக்கும்போது போனில் நம்ம ஊர் ரேடியோவைப் போட்டு நீ வாசிக்கிற செய்தியைக் கேட்கிறேன், நீ பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும்மா என்று சொன்னாயே, நான் சரி சரி என்று வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். அது நான் இல்லை கண்ணு. நான் நிலையத்துக்குப் போவது நின்று மாசக்கணக்காகிறது. போனில் இதைச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

நம்ம ஊர் சாம்பல் சட்டையை உனக்குத் தெரியும், எப்போது பார்த்தாலும் ஒரே சாம்பல் நிறச் சட்டை போட்டு டிவியில் வருவாரே, வண்டி கூப்பிட, மருந்து வாங்க, ஆஸ்பத்திரி டோக்கன் எடுக்க, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல, எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கிற அந்த ஆப் அவருடையதுதான். நீ கல்யாணமாகிப் போன பிறகு நகர்மன்றக் கூட்டமே அவர் கட்டிடத்து மேல்மாடியில்தான் நடக்கிறது, அங்கே ஏசி நன்றாக இருக்கிறதாம், மேயர் சொன்னார். ஊரையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கிறவர் ரேடியோவை மட்டும் விட்டுவைப்பாரா, அதையும் வாங்கினார். நிலையத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்க குரலைக் கேட்டுத்தாம்மா நான் ஸ்கூலுக்குக் கிளம்புவேன் என்று சொன்னபோது எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது, பொய் சொல்வானேன். அடுத்த மாதமே பூங்கொத்தும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து, செய்தி வாசிக்கிற எங்களை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்துப்போய் அடுப்படியில் நிற்கிறேன், கூடத்து ரேடியோவில் நான் செய்தி வாசிக்கிறேன். மூக்கடைப்பில்லாத, நல்லாத் தூங்கி எழுந்த நான். அப்பா கூடத்துக்கும் அடுப்படிக்கும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் ஒருத்தி பேசினாலே எனக்குத் தாங்காது, இப்ப ரெண்டா என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். நான் தொழில் பழக்கிவிட்ட ஒலிப்பதிவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, பழைய பதிவெல்லாம் நாற்காலி மேஜை மாதிரி கட்டிடத்தோட சேர்ந்து போயிடுச்சு மேடம், அதை வைச்சு மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்துட்டாங்க என்றார். சரி, தொலையட்டும், வானிலையும் விலைவாசியும்தானே சொல்கிறது என்று திரும்பி வந்தேன். அத்தோடு நின்றிருந்தால் உன்னிடம் இதைச் சொல்லியே இருக்கமாட்டேன்.

மேயர் தேர்தல் வந்தது. சாம்பல் சட்டையின் கிடங்கில் பொட்டலம் கட்டுகிறவர்கள் சங்கம் வைக்கக் கிளம்பியிருந்தார்கள். அவர்கள் கையில் கடிகாரம் மாதிரி ஒன்றை மாட்டிவிட்டிருக்கிறார்கள், கழிப்பறைக்குப் போனால் அது நிமிஷத்தை எண்ணிச் சம்பளத்தில் பிடிக்கும், அதற்குப் பயந்து பெண்பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் நின்று நின்று நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக வர, அவர்களுக்கு மருந்து கொடுத்துக் கொடுத்து மனசு வெறுத்த நம்ம நர்ஸம்மாதான் மேயரை எதிர்த்து நின்றாள், உனக்குத் தடுப்பூசி போட்டாளே, அவளேதான். கிடங்குக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பு மொத்தமும் அவள் பக்கம். ஓட்டுப்பதிவு அன்றைக்கு நானும் அப்பாவும் காலையிலேயே போய்ப் போட்டுவிட்டு வந்து மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம், தையல்காரியிடமிருந்து போன், உன் பள்ளிக்கூடச் சீருடையெல்லாம் தைப்பாளே, அவள் அந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறாள். அக்கா, ஓட்டுச்சாவடியில கரண்ட் கசியுது, அடுத்த ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வைச்சிருக்காங்கன்னு நீங்க சொன்னீங்களே, மத்த தெருக்காரங்க எல்லாம் விரல்ல மையோட வர்றாங்களே என்றாள். எனக்குக் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. ரேடியோவில் அப்படி எதுவும் வரவில்லை கண்ணு, அந்தக் குடியிருப்புக்காரர்கள் போனுக்கு மட்டும் ஆப் வழியாகப் போயிருக்கிறது, என் குரலில்.

கழுவாத கையோடு ஓடினேன். லிப்ட் வேலை செய்யவில்லை, ஒவ்வொரு மாடியாக ஏறிக் கதவு கதவாகத் தட்டி, ஓட்டு இன்னைக்குத்தான், அது நான் இல்லை, கிளம்புங்க கிளம்புங்க என்று கத்தினேன். இரவு வேலை முடிந்து தூங்குகிறவர்கள் பாதிப் பேர், கதவே திறக்கவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர், பொட்டலம் கட்டிக் கட்டி விரல்கள் மடங்கிப்போனவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனை எடுத்து எனக்கு எதிரிலேயே போட்டார். என் பேரைச் சொல்லிக்கிட்டு யாராவது வந்து தேர்தல் இன்னைக்குத்தான்னு சொன்னா நம்பாதீங்க, வெளியே போனா ஆபத்து என்று அதே குரல், பதறாமல், அன்பாக. நான் மூச்சு வாங்கி, தொண்டை கட்டி, தலை கலைந்து நிற்கிறேன். ரெண்டையும் கேட்டுவிட்டு அவர் என்னிடம், எங்க வீட்டுல எல்லாருக்கும் அந்தம்மா குரல் தெரியும், நீ போம்மா என்று கதவைச் சாத்தினார். தையல்காரி மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு இறங்கினாள், அவளைப் பார்த்துக் கொஞ்சம் பேர் வந்தார்கள், ஓட்டுச்சாவடி வைத்திருந்த பள்ளிக்கூட வாசல் சாத்துவதற்குள் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். மற்றவர்கள் வரவில்லை. வராதவர்களில் பாதிப் பேர் வந்திருந்தாலே நர்ஸம்மா ஜெயித்திருப்பாள்.

புகார் கொடுத்தோம். சாயங்காலத்துக்குள் எல்லாப் போனிலிருந்தும் அந்தச் சேதி தானாக அழிந்துபோயிருந்தது, தையல்காரியின் மூத்த பெண் மட்டும் புத்திசாலித்தனமாக வேறு போனில் அதைப் பிடித்து வைத்திருந்தாள், அதுதான் எங்கள் கையில் இருந்த ஒரே ஆதாரம். தேர்தல் அதிகாரி முன்னால் நடந்த விசாரணையில் சாம்பல் சட்டையின் கம்பெனி வக்கீல் எழுந்து, எங்க மிஷின் இதைப் பேசவேயில்லை, வேலை போன கோபத்துல இந்தம்மாவே பேசி அனுப்பியிருக்காங்க என்றார் பார். நானே! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, என் குரலும் அந்தச் சனியன் குரலும் எனக்குத் தெரியாதா, எங்கே போட்டுக் காட்டினாலும் சொல்வேன் என்று எழுந்து நின்று சொன்னேன். அவர் அதற்காகவே காத்திருந்த மாதிரி ரெண்டு பதிவைப் போட்டார், ஒன்று நான் எப்போதோ வாசித்தது, ஒன்று மிஷின். சொல்லுங்கம்மா, எது நீங்க என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ரெண்டாவதில் மூச்சு விடுகிற இடம் நான் விடுகிற இடமாகவே இருந்தது. ரெண்டாவது என்றேன்.

அது மிஷின்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அப்பா பின் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை, என் முகத்தைப் பார்க்காமலே, உங்களுக்கே தெரியலைன்னா நான் எப்படிம்மா தெரிஞ்சுக்கறது என்று சொல்லிப் புகாரைத் தள்ளிவிட்டார். அதற்கடுத்த நாள் மேயர் பதவியேற்பு. சாம்பல் சட்டை மேடையில், எனக்கு அரசியல் தெரியாதுங்க, அது ஒரு பழைய வண்டி, நான் சும்மா எண்ணெய் போடறவன் என்றாராம், கைதட்டல் அடங்கவே நேரமானதாம். நேரலையில் வர்ணனை சொன்னதும் நான்தான், என்னத்தைச் சொல்ல.

அதைவிட மனசு பொறுக்காதது ஒன்று இருக்கிறது. சாட்சி சொன்ன வீடுகளுக்குக் கிடங்கில் வேலை வருவது நின்றுபோனது. யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை, ஆப்பில் அவர்கள் பேருக்கு வேலை காட்டவில்லை, அவ்வளவுதான், கேட்டால் மிஷின் பிரிக்கிறது எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். தையல்காரியின் புருஷனுக்கும் அப்படியே ஆனது. வீட்டிலிருந்த அரிசி, எண்ணெய் எடுத்துக்கொண்டு போனேன், வாங்கிக்கொண்டாள், ஆனால் வாசலிலேயே நிற்கவைத்து, மாடிப்படியில கேமரா வைச்சிருக்காங்கக்கா, நீங்க வந்துட்டுப் போற வீட்டுக்கெல்லாம் வேலை குறையுதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க, கோவிச்சுக்காதீங்க, இனிமே வராதீங்க என்றாள். நான் என்ன கோபித்துக்கொள்வது. அவள் அழுதாள், நான் அழவில்லை, இறங்கி வரும்போது எந்தப் பக்கம் கேமரா இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைத்தெருவில் சிலர் இன்னும் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள், ஏமாற்றியது நான்தான் என்று அவர்களுக்கு நிச்சயம்.

நர்ஸம்மா மேல்கோர்ட்டுக்குப் போகிறாள். சாட்சிக்கு வருவீங்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அங்கேயும் அதே வக்கீல்தான் வருவார், அதே மாதிரி ரெண்டைப் போட்டு எது நீங்க என்பார். அப்பா வேண்டாம் என்கிறார், ஒரு தடவை அவமானப்பட்டது போதாதா என்கிறார். எனக்கும் பயம்தான் கண்ணு, இந்தத் தடவையும் தப்பாகத்தான் சொல்வேனோ என்னவோ. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியவில்லை ஐயா, என்னைப் பெற்றவளே வந்தாலும் தெரியாது, அதுதான் என் புகார் என்று சொல்லப்போகிறேன்.

நீ இதற்காக அடித்துப்பிடித்துக்கொண்டு வர வேண்டாம், குழந்தையைப் பார். மாப்பிள்ளையிடமும் சொல், அவர் தன் ஆபீசில் யாரிடமும் இதைப் பேச வேண்டாம், அங்கேயும் சாம்பல் சட்டைகள் இருப்பார்கள். தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடு, நிம்மதியாகத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கும் அப்பாவுக்கும் ஆசை. ஒன்று மட்டும் மறக்காதே. என் குரலில் போன் வந்து, அவசரம், பணம் அனுப்பு என்றாலும், நாங்கள் நன்றாக இருக்கிறோம், கவலைப்படாதே என்றாலும், பேசாமல் வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் அடி. ரேடியோவைக் கேட்காதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, கேட்கத் தோன்றினால் கேள். நாளைக்கு நான் போய்ச் சேர்ந்தாலும் அது காலையில் வணக்கம் சொல்லும், அதை வைத்து அம்மா இருக்கிறாள் என்று மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற,
அம்மா