அத்தைக்கு வேர்க்கவில்லை

ஏப்ரல் 3

பசுமைக்குடிலுக்குப் புது பிளாஸ்டிக் போட்டுவிட்டார்கள். பழையதில் தூசி படிந்து கொஞ்சமாவது நிழல் இருந்தது. இப்போது வெயில் நேராகத் தலையில் இறங்குகிறது. செடிக்கு வெளிச்சம் வேண்டுமாம். எங்களுக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

இன்றும் அத்தைதான் முதலில் தன் தக்காளி வரிசையை முடித்தார். மாமியாரும் மருமகளும் அடுத்தடுத்த வரிசை என்றால் மற்றவர்களுக்கு ஒரே வேடிக்கை. "என்னம்மா, தக்காளி பறிக்கிறியா, இல்ல பொண்ணு பாக்க வந்திருக்கியா?" என்று அந்தக் கோடியிலிருந்து கத்துகிறார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏப்ரல் 6

அத்தைக்கு இந்த வேகம் எப்படி வருகிறது என்று இன்றுதான் தெரிந்தது. உள்ளே வந்துவிட்டால் தண்ணீரே குடிப்பதில்லை. வாய் கொப்பளித்துத் துப்பிவிடுகிறார். கழிப்பறை வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம். போய் வந்தால் வரிசை பின்தங்கிவிடும். "குடிச்சாதானே போகணும்?" என்கிறார். சொன்னால் கேட்கிற ஆளா?

ஏப்ரல் 7

தலைவலி. எழுத முடியவில்லை.

ஏப்ரல் 10

மேற்பார்வையாளரை நாங்கள் கூலிங்கிளாஸ் என்போம். எங்கே போனாலும் அதைக் கழற்ற மாட்டார். பக்கத் திரையைக் கொஞ்சம் சுருட்டிவிடச் சொல்லிக் கேட்டேன்.

"வெள்ளை ஈ உள்ள வந்தா செடி போயிடும். நீ பதில் சொல்வியா?"

ஆள் போனால் நீ பதில் சொல்வாயா? வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 13

ஆஸ்பத்திரி வராந்தா. தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று அத்தையின் கையைத் தொட்டேன். காய்ந்துபோய், சுட்டது. "பாத்தியா, எனக்கு வேர்க்கவே இல்ல. உடம்பு பழகிடுச்சு" என்றார். எங்களிடையே வேர்க்காதவர்களுக்குத் தனி மரியாதை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அத்தையின் கூடையில் பச்சைக் காய்கள். ஒரு நாளும் அப்படிப் பறித்ததில்லை. "யாரு பொண்ணு பாக்க வந்தது?" என்று கிண்டல் செய்தேன். பதில் இல்லை. அத்தையிடமிருந்து பதில் வராமல் இருக்குமா? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அப்படியே சரிந்தார்.

கதவு அந்தக் கோடியில். வரிசைக்கு நடுவே ஓர் ஆள்தான் நடக்கலாம். எப்படித் தூக்கிப்போவது? இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துப் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். இரண்டு பேராக வெளியே இழுத்துப் போட்டுத் தொட்டிக் குழாயைத் தலையில் திறந்துவிட்டோம். கூலிங்கிளாஸ் ஓடி வந்து, "புது ஷீட்டு! கிழிச்சிட்டியே!"

ஆமா, கிழிச்சேன். இன்னும் கிழிப்பேன்.

டாக்டர் சொல்கிறார் — பழகிய உடம்புக்கு வேர்வை அதிகமாகத்தான் வருமாம். நின்றுபோனால் உடம்பு கைவிட்டுவிட்டது என்று அர்த்தமாம். ஐயோ, நாங்க அதைப் பெருமையா பேசிக்கிட்டு இருந்தோமே!

ஏப்ரல் 14

கண் திறக்கவில்லை. ஒரு வார்த்தை, திட்டவாவது செய்யுங்க அத்தை.

ஏப்ரல் 16

திறந்துவிட்டார். முதல் கேள்வி: "என் வரிசையை யார் முடிச்சது?"

சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை.

ஏப்ரல் 20

வேலைக்குப் போனேன். கிழிசலுக்கு டேப் ஒட்டியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் யாரோ பிரித்துவிட்டிருந்தார்கள். சத்தியமாக நான் இல்லை. கூலிங்கிளாஸ் அங்கே வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிழிசலை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 28

அத்தை வீட்டுக்கு வந்தாயிற்று, இனி வெயில் வேலைக்குப் போகக் கூடாது. அடுப்புப் பக்கமும் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் அடுப்படியில் நிற்கிறார். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், பாதி காலி. நெற்றியிலும் கழுத்திலும் முத்து முத்தாக வேர்வை.

"என்னம்மா அப்படிப் பாக்கறே? வேர்த்துக் கொட்டுது, அந்த ஃபேனைப் போடு."

முந்தானையால் துடைக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க அத்தை. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."