மேஜிக் ஷோவுக்குப் போன சாயங்காலம்

என் மகளின் அப்பாவுக்கு,

தேர்தல் அலைச்சல் ஓய்ந்ததும், "இன்னைக்கு ஒரு நாள் கட்சிப் பேச்சே கிடையாது" என்று நீங்கள்தான் நேற்று எங்களை மேஜிக் ஷோவுக்குக் கூட்டிப்போனீர்கள். வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். உங்களை அப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

மேஜிக்காரர் நம் மகளை மேடைக்குக் கூப்பிட்டு, வெறும் துணியிலிருந்து ஒரு புறாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் பெருமையோடு உங்களைத் தேடினாள். நீங்கள் முன்வரிசையில், அங்கே வந்திருந்த உங்கள் கட்சித் தலைவர் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தீர்கள்.

பிறகு அவரையும் மேடையேற்றினீர்கள். புறாவை அவளிடமிருந்து வாங்கி அவர் கையில் வைத்தீர்கள். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, போட்டோவுல மறைக்குது" என்றீர்கள்.

அவரோடு நீங்கள் கிளம்பிப்போக, நாங்கள் இருவரும் பஸ்ஸில் வந்தோம். "நான் யாருன்னு அப்பா அவர்கிட்ட சொன்னாராம்மா?" என்று கேட்டாள். சொன்னார் என்றேன். பொய் சொல்ல எனக்கும் நன்றாகவே வருகிறது.

இன்று பேப்பரில் படம் வந்திருக்கிறது. ஓரத்தில் தெரியும் கை தன்னுடையதுதான் என்று கண்டுபிடித்துக் காட்டினாள். உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் என் அக்கா வீட்டில் இருக்கிறோம். பள்ளிக்கூடம் இங்கிருந்து பக்கம்தான்.

இப்படிக்கு,
அவள் அம்மா