மஞ்சள் நாடா

அண்ணா,

துப்பாக்கி சுடும் சங்கம் உனக்கு எடுத்த பாராட்டு விழா மேடையில் நீ காட்டிய துப்பாக்கியில் மஞ்சள் நாடா இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். உள்ளே தோட்டா இல்லை என்று காட்டச் செருகுவது அது. உன்னிடம் சுடப் பழகும் பத்து வயதுப் பிள்ளைகள்கூட மறப்பதில்லை.

நீயோ மாலையோடு, "பாதுகாப்புதான் முதல் பாடம்" என்று முழங்கிக்கொண்டிருந்தாய். மேசையில் கிடந்த துப்பாக்கியின் வாய் முன்வரிசையைப் பார்த்திருந்தது. அங்கே உன் சின்ன மகள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

உன் பயிற்சிக்கூடத்தில் துப்பாக்கிகளையும் காதுமூடிகளையும் துடைத்து அடுக்குகிற எனக்கு மேடையேறக் கால் வரவில்லை. ஆனாலும் வந்து உன் காதில் சொன்னேன். நீ மைக்கிலேயே, "எட்டாவதோட நின்னவ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா, பாருங்க!" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள்.

துப்பாக்கியை ஆளில்லாத சுவர்ப்பக்கம் திருப்பி, உள்ளிருப்பதை வெளியே தள்ளும் போல்ட்டை இழுத்தேன். தோட்டா விழுந்து உருண்டது. சிரிப்பு நின்றது.

வீட்டுக்கு வந்ததும், "'துடைக்கும்போது நான்தான் தோட்டாவப் போட்டேன்'னு நீ சொல்லிடு. உனக்கென்ன, போறதுக்குப் பேரா இருக்கு?" என்றாய். பெரிய மனுஷன்தான் நீ!

உன் முகத்துக்கு நேரே பேச வராததால் எழுதுகிறேன். நாளைக்கும் பிள்ளைகள் உன் முன்னால்தான் நிற்க வேண்டுமா என்று கேட்டு, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு, சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

உன் தங்கை