சுவரில் விழுந்த தெரு

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கென்று ஒரு வகுப்பறை கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறை. மாதக்கணக்கில் படுக்கையிலிருக்கும் பிள்ளைகளுக்கு இனி அதுதான் பள்ளிக்கூடம். ஒட்டடை அடித்தேன், தரையைக் கழுவினேன், கரும்பலகைக்குப் புதுக் கறுப்பு பூசினேன். சக்கர நாற்காலி நுழைய வேண்டுமே என்று மேசைகளைத் தள்ளிப்போட்டேன். தெருப்பக்க ஜன்னலைப் பலகை வைத்து அறைந்திருக்கிறார்கள். அதை நீ வந்துதான் பிரித்துத் தர வேண்டும். கட்டட வேலைக்கு உன்னை விட்டால் எனக்கு யார்? கோபத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு வாயேன்.

அன்புத் தங்கை

ஜூன் 11

தங்கச்சிக்கு,

நான் கையைக் காலைப் பிடித்து வாங்கித் தந்த பெரிய பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, ஆஸ்பத்திரி குடோனில் பாடம் நடத்தப் போகிறாய். நோயில் கிடக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து நீதான் உடைந்துபோவாய். எனக்கு இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. வர முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஜூன் 20

அன்புள்ள அண்ணா,

பலகையைப் பிரிக்கவே வேண்டாம்!

நேற்றுதான் முதல் வகுப்பு. பாதியில் கரண்ட் போய்விட்டது. பட்டப்பகலில் கும்மிருட்டு. பிள்ளைகள் பயந்துவிடுமே என்று கதவைத் திறக்கப் போனேன்.

"டீச்சர், சுவத்துல யாரோ நடக்கறாங்க" என்றாள் எங்கள் வக்கீல். எட்டு வயதுக்காரி, ஓயாமல் குறுக்குக் கேள்வி கேட்பதால் வார்டே வைத்த பெயர்.

திரும்பினேன். எதிர்ச்சுவர் முழுக்கத் தெரு! பலகையில் ஓர் ஆணி ஓட்டை. அதன் வழியே வந்த வெளிச்சம் தெருவையே தலைகீழாகக் கொண்டுவந்து போட்டிருந்தது. மேலே சாலை, கீழே வானம். சிவப்பு பஸ் சிவப்பாகவே ஊர்ந்தது. இலை அசைந்தது. இந்த ஊசித்துளைக் காமிராப் பாடத்தை எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்! படம் வரைந்து பாகம் குறித்ததோடு சரி, கண்ணால் கண்டதில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

வக்கீல் தெருவைப் பார்த்தே பல மாதமாகிறது. நாற்காலியைச் சுவரோரம் தள்ளச் சொல்லி, ஓடும் பஸ்ஸை உள்ளங்கையில் ஏந்தினாள். கரண்ட் வந்ததும் எல்லாரும் ஒரே குரலில், "டீச்சர், லைட்டை அணைங்க!"

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

தங்கை

ஜூலை 2

தங்கச்சி,

நேற்று சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். நேரில் சொல்லாததை எழுதுகிறேன்.

உன்னைக் கையோடு கூட்டிப் போகத்தான் வந்தேன். உன் வக்கீல் எங்கே விட்டாள்? "மாமா, தெருவுல போய் நில்லுங்க. உங்களைச் சுவத்துல பாக்கணும்" என்று விரட்டினாள். போய் நின்றேன். எனக்கு முன்னால் வெறும் பலகைதான். அதற்குப் பின்னாலிருந்து, "மாமா, குதிங்க!" என்று ஒரு சத்தம். இந்த வயதில், நடுத்தெருவில், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பார்க்கக் குதித்தேன். "மாமா வானத்துக்குள்ள குதிக்கிறாரு!" என்று அறையே கூவியது. அந்தப் பிள்ளைகளா சீக்காளிகள்? நிறுத்தவே மனம் வரவில்லை எனக்கு.

எத்தனையோ வீட்டுக்கு ஜன்னல் வைத்திருக்கிறேன். இப்படி ஒன்று எனக்கு வாய்க்கவில்லை. நீ அங்கேயே இரு.

இன்று காலையில் மேஸ்திரி, "என்ன முதலாளி, நொண்டறீங்க?" என்று கேட்டார்.

"வானத்துல குதிச்சேன்யா" என்றேன்.

உன் அண்ணன்