முன் சீட்

9, செவ்வாய்

இன்று சொல்லாதது: கட்டியை எடுக்கவில்லை என்பது. நேற்று அம்மாவின் வயிற்றைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் பரவியிருந்ததாம். அப்படியே தைத்துவிட்டார்கள். டாக்டர் வராந்தாவில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார். காலையில் நன்றாகத் தெளிந்ததும் அம்மா கேட்டாள்: "எடுத்துட்டாகளாத்தா?" நான் தலையணையைச் சரிசெய்தேன்.

வெளியே சாரல். தேனி முழுக்க ஈரம்.

வாந்தி: 6 மணி, 9.40, 11, மதியம் 2 மணி. கடைசியில் பச்சையாக நீர் மட்டும். ஓடிப்போய்ச் சொன்னேன். ஊசி போட்டார்கள். நர்ஸ் சொன்னவை, மறக்காமலிருக்க:
- தலைப்பக்கம் எப்போதும் உயரமாக
- ஓங்கரிக்கும்போது தையல் மேல் தலையணையை அணைத்துப் பிடிக்க
- டாக்டர் சொன்ன பிறகே தண்ணீர். ஒரு ஸ்பூன், பத்து நிமிடம் சும்மா, பிறகு இன்னொன்று

அம்மாவுக்கு வெட்கம். இருபது வருடமாகக் கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி, உச்சியிலுள்ள மெட்டைக் கடந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். கொண்டை ஊசி வளைவில் ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. மற்றவர்களுக்குப் பை பிடிப்பவள்.

"மயக்க மருந்து பண்ற வேலத்தா. மெட்டு ஏறிட்டா நின்னுரும்."

"இப்ப எந்த வளைவுலம்மா இருக்கோம்?" ஏன் கேட்டேனோ.

"பாதி வந்தாச்சு."

10, புதன்

பக்கத்துக் கட்டிலில் கருவாட்டுக் குழம்பைத் திறந்தார்கள். உடனே அம்மா வாந்தி எடுத்தாள். பாவம், அவர்கள் தட்டோடு வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். வலி மருந்தும் குமட்டலைக் கூட்டுமாம், மாற்றியிருக்கிறார்கள். எலுமிச்சம்பழம் கேட்டாள், ஜீப் பழக்கம். நர்ஸ்: "மோந்து பாக்கட்டும். வாயில வைக்கக் கூடாது."

சாயங்காலம் ராமுத்தாயி சித்தி. அம்மாவின் ஜீப் கூட்டாளி. தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள், கையெல்லாம் ஏலக்காய் வாசம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்ன வயதில் அதுதான் எனக்கு அம்மாவின் வாசம். சித்தி போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு வந்தாள்.

"ஊருக்கெல்லாம் பை புடிச்சவளுக்கு இப்ப மக பை புடிக்கிறா, பாத்தியா!"

"சிரிக்க வைக்காதடி, தையல் விட்டுரும்."

"டிரைவரோட தெனம் சண்ட. முன் சீட்டு சும்மாதான கெடக்கு, ஆள ஏத்துறேங்கிறான். ஏலே, அது அவ சீட்டு, வந்துருவான்னுட்டேன்."

"அடுத்த மாசம் வந்துருவேன். விட்டுராத."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிளாஸ்க் மூடியை இறுக்கினேன். ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

11, வியாழன்

வாந்தி ஒன்றுதான். ஆறு ஸ்பூன் கஞ்சித் தண்ணீர் தங்கியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. பிறகு பாத்ரூமில் போய் அழுகை.

நான் படித்த புத்தகங்களில் இந்த இடத்தில் எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்கள்.

மதியம் சித்தி போன். ஸ்பீக்கரில். "முருகேஸ்வரி பின்னாடி உக்காந்து வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்குறாடி. ஒஞ் சீட்டக் கேக்குறா. குடுப்பேனா நானு?" அம்மா முகத்தில் பெருமை.

போனை வைத்ததும் சொல்லிவிட்டேன். "கட்டிய எடுக்கலம்மா. எடுக்க முடியாதாம்."

மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தச்சது மட்டுந்தானா?"

"ஆமாம்மா."

"அந்த எலுமிச்சம்பழத்தக் குடு."

நெடுநேரம் முகர்ந்தாள். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன். பத்து நிமிடம் சும்மா இருந்தோம்.

"ராமுத்தாயிக்குப் போனப் போடு. எஞ் சீட்ட முருகேஸ்வரிக்குக் குடுக்கச் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

12, வெள்ளி

சாரல் இல்லை. முருகேஸ்வரி முன் சீட்டில் போனாள். மெட்டு வரை வாந்தி இல்லையாம். அம்மா காலையில் மூன்று முறை எடுத்தாள்.