ஜாபேஸின் குடை

இன்பம்,

பெயின்ட் வாங்க பாளையங்கோட்டைக்குப் போறேன், பதினோரு மணிக்குள்ள வந்திருவேன். சாவி அரிசி டப்பாவுக்குள்ள. சொதி வச்சிருக்கேன்; களக்காடு வரைக்கும் மணக்கும், சூடு பண்ணிக்கோ.

மேசை மேல நான் செஞ்சு வச்சிருக்கிற பொம்மை சேரன்மகாதேவி ஸ்டேஷனைத் துடைச்சிராதே. காது குடையுற குச்சியில நான் செஞ்ச சிக்னலைப் பார்த்தா நெசமான ரயிலே நின்னு சலாம் போடும்.

அந்தப் பிளாட்பார பெஞ்சுல களிமண்ணுல உன் தம்பி ஜாபேஸைச் செஞ்சு வச்சதுக்குத்தானே நேத்து அந்த ஏச்சு? "செத்தவனை எதுக்கு ரயிலுக்குக் காக்க வைக்கீங்க?"ன்னே. உடனே எடுத்துத் தீப்பெட்டியில போட்டு மூடினேன்.

காலையில பார்த்தா மறுபடியும் பெஞ்சுல இருக்கான். கையில தீக்குச்சியும் கறுப்புக் காகிதமும் சேர்த்து ஒரு குடை. அது நான் செஞ்சதில்ல. அவனை வெள்ளம் கொண்டுபோன அன்னைக்கு, அவன் நம்ம வீட்டுலயே குடையை மறந்துட்டுப் போனது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.

நீ செஞ்சதுன்னா, சண்டை தீர்ந்துச்சுன்னு எடுத்துக்கிடுதேன். நீ செய்யலேன்னா, எங்கிட்டச் சொல்லாதே.

எலியேசர்

கிளம்புறப்போ குடையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமா இருக்கு. இதுல மட்டும் நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லல. பசை இன்னும் காயலைன்னு நெனைச்சுக்கிடுதேன்.