கிள்ளான் வீட்டுக் கரண்ட் பில்

ஏப்ரல் 27, திங்கள்

காலையில் மூட்டம். பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். பேக்கரியில் சீசன் கூட்டம், மதியத்துக்குள் வர்க்கி எல்லாம் காலி. காரில் வருகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வி, "இது ஊட்டி வர்க்கிதானே?" எங்கள் மலை ஊர் பேரில் அரவேணு வர்க்கி என்றால் இறங்காதாம். ஆமாங்க ஆமாங்க என்று சொல்லி விற்றுத் தள்ளினேன்.

மதியம் மலேசியாவிலிருந்து, கிள்ளானிலிருந்து இவர் போன். சாயங்காலம்தான் கூப்பிடுவார். மதியம் என்றதும் பயந்துகொண்டேதான் எடுத்தேன். ஆனால் விஷயம் நல்ல விஷயம்! கம்பெனியின் குடும்ப ஃப்ளாட் ஒன்று காலியாகிறதாம். இரண்டு படுக்கை அறை. வாடகை கம்பெனி பொறுப்பு. எனக்கும் பாப்பாவுக்கும் விசாவும் அவர்களே எடுத்துத் தருவார்கள். பத்தாம் தேதிக்குள் வேணும், வேண்டாம் என்று பதில் சொல்லணும். சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கத்திவிட்டேன். பன் வாங்க நின்ற அம்மா இரண்டடி பின்னால் போனார்.

"குதிக்காத சுதா, முழுசாக் கேளு" என்றார். வாடகைதான் கம்பெனி. கரண்ட் பில் நம் தலையில். "நா ஒருத்தன் இருக்கற ஊட்டுக்கே கரண்டு பில்லு வாடகைல பாதி வருது. இங்க எப்பவும் வெக்கை. மழ பேஞ்சாலும் வெக்கை. ரெண்டு ரூம்புக்கும் ஏசி, ஹாலுக்கு ஒன்னு... மூணு பேருக்கு நெனச்சுப் பாரு. அத்தனையும் கரண்டுக்கே கட்டிப்போட்டு அம்மாளுக்கு என்ன அனுப்பறது? இன்னொரு வருசம் பொறுத்துக்கலாம்."

இன்னொரு வருசம். போன வருசமும் இதே வார்த்தை. பாப்பாவுக்கு நாலு வயதில் போனவர். இப்போது அவளுக்கு ஆறு. அப்பா என்றால் அவளுக்குப் போன்தான். பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னதற்கு என்னையும் தன்னையும் வரைந்து, என் கையில் ஒரு செல்லை வரைந்து, அதற்குள் ஒரு மீசை.

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். சரி என்று வாய்தான் சொன்னது.


ஏப்ரல் 28, செவ்வாய்

காலையில் காற்று. கட்டபெட்டு பக்கம் மரம் விழுந்து கரண்ட் இல்லை. மூன்று மணிக்குத்தான் வந்தது. கரண்ட் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது நல்ல கூத்து.

இந்த வீட்டில் கரண்டில் ஓடுவது:
பல்பு நாலு
டிவி
மிக்சி
செல் சார்ஜர்
அத்தையின் சாமி படத்துச் சிவப்பு லைட்

அவ்வளவுதான். இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் ரீடிங் எடுக்க வருகிறவர் மீட்டரைப் பார்த்துவிட்டு "ஊட்ல ஆள் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இலவச யூனிட்டைத் தாண்டியதே கிடையாது. இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் ஃபேன் இல்லை. ஃபேனுக்குக் கீழே நான் தூங்கியதே இல்லை, சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போன ஓர் இரவைத் தவிர. அன்றைக்கும் ஜலதோஷம்.

இவருக்கு ஏசி சுகம் பழகிவிட்டது. அதுதான் சங்கதி என்று நினைக்கிறேன். எங்களுக்கும் அது இல்லாமல் முடியாது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். எங்களை யார் கேட்டார்கள்?

முடிவு எடுத்தாச்சு. ஏசி இல்லாமல் நானும் பாப்பாவும் இருப்போம், இருந்து காட்டுவோம். எங்கே? மேட்டுப்பாளையம், சித்ராக்கா வீடு. என் பெரியம்மா மகள். மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு, ஏசி கிடையாது. எப்போது? கத்திரி வெயிலில்!

அத்தையிடம் சொன்னேன். சன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். நாலு மணி ஆனால் சாத்திவிடுவார், இல்லாவிட்டால் பனி இறங்கி மெத்தை எல்லாம் ஈரம். கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்.

"ஊரே வெயிலுக்குப் பயந்து மேல வருது. நீ புள்ளயக் கூட்டீட்டுக் கீழ போறியா? மூளை கீளை கலங்கிருச்சா?"

கொழுந்தனார் வீடு பக்கத்துச் சுவர்தான். அத்தைக்குத் துணை இருக்கு. நான் போகிறேன்.


மே 3, ஞாயிறு

பஸ்ஸில் கூட்டமே இல்லை. எதிரே மேலே ஏறுகிற கார் வரிசை வால் தெரியாமல் நிற்கிறது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "ஏனுங்க, வழி மாத்தி ஏறீட்டீங்களா?"

பாப்பா முதல் வளைவில் குல்லா, நாலாவது வளைவில் ஸ்வெட்டர், குஞ்சப்பனையில் ஷூ சாக்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி என் மடியில் போட்டாள். மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் இறங்கியதும் அடுப்பு மூடியைத் திறந்த மாதிரி. "அம்மா, யாரு ஹீட்டரு போட்டாங்க?" என்று கேட்டாள்.

சித்ராக்கா வாசலிலேயே சிரிப்பு. "வாங்க வாங்க, குளிர் நாட்டு மகாராணிக ரெண்டு பேரும்!"

எனக்கோ பரீட்சைக்கு வந்த மாதிரி ஒரு படபடப்பு. சந்தோஷமான படபடப்பு.


மே 4, திங்கள்

கத்திரி முதல் நாள்.

நேற்று இரவு ஃபேன் கடகட. தூக்கம் அரைகுறை. ஜலதோஷம் இல்லை. (வெற்றி!)

காலையில் பழக்க தோஷத்தில் "அக்கா, சுடுதண்ணி வெச்சாச்சா?" என்று கேட்டுவிட்டேன். சித்ராக்கா வாயில் இருந்த காப்பி வெளியே வந்துவிட்டது. "குழாயத் தொறந்து பாரு, மாடி டேங்குத் தண்ணி. கை வெக்க முடிஞ்சா சொல்லு."

பகலில் அக்கா சன்னலை எல்லாம் சாத்தி, ஈரத் துணி தொங்கவிட்டுவிட்டாள். இருட்டில் உட்கார்ந்து தர்பூசணி. பாப்பா சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து விதையை எண்ணிக்கொண்டிருந்தாள். இதுதானா, இதற்கா இவ்வளவு பயம் என்று நினைத்தேன்.

சாயங்காலம்தான் கோமாளித்தனம். அக்கா மார்க்கெட் போயிருந்தாள், போகும் முன் சன்னலை எல்லாம் திறந்துவிட்டுத்தான் போனாள். வெளிச்சம் கொஞ்சம் மங்கியது. நான் எழுந்தேன், முன் சன்னல், பின் சன்னல், சமையலறை சன்னல், எல்லாவற்றையும் சாத்திக் கொக்கி போட்டேன். யாரும் சொல்லவில்லை. யோசிக்கவும் இல்லை. கை தானாகப் போனது. திரும்பி வந்து உட்கார்ந்து, ஏன் மூச்சு முட்டுகிறது என்று பாப்பாவுக்கு விசிறிக்கொண்டிருக்கிறேன்!

அக்கா கதவைத் திறந்ததும் ஒரு கத்து. "எந்த மகராசி இதச் சாத்துனது? பவானி ஆத்துப் பக்கமிருந்து காத்து வர்ற நேரமே இப்பத்தான். ஊட்டுக்குள்ளயே அவிஞ்சு போகறதுக்கா?"

"பனி இறங்குமேன்னு..." என்றேன்.

பனி! மேட்டுப்பாளையத்தில்! தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அக்கா முறை: பகலில் சாத்தணும், பொழுது இறங்கினதும் திறக்கணும். எதிர் எதிர் சன்னல். மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊத்தணும். எங்கள் ஊருக்கு நேர் தலைகீழ்.


மே 5, செவ்வாய்

பாப்பா கழுத்தில் வேர்க்குரு. பயந்தேன். அவளுக்குப் பெருமை. "எனக்கும் வந்துருச்சு!" என்று தெருப் பிள்ளைகளிடம் காட்டி வருகிறாள்.

மத்தியானம் பாத்திரம் கழுவும்போது திடீரென்று ஒன்று தோன்றி, கையில் சோப்போடு அப்படியே நின்றேன். இரண்டே நாள் வந்த நான் இப்படிப் பழக்கத்தில் சன்னலைச் சாத்துகிறேன் என்றால், அரவேணுவிலேயே பிறந்து வளர்ந்த இவர் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார்?

சாயங்காலம் வீடியோ கால். இத்தனை நாள் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். இன்று முகத்துக்குப் பின்னால் பார்த்தேன். சன்னல் சாத்தியிருக்கிறது. மேலே கனத்த திரை. அவர் தோளில்...

"ஏனுங்க, காச்சலா?"

"இல்லியே. ஏன்?"

"அப்பறம் எதுக்குங்க கம்பளி?"

கம்பளியைத் தோளிலிருந்து உருவிக் கீழே போட்டார். நான் விடவில்லை. சன்னல் எப்போது சாத்துவீங்க? வேலை முடிந்து வந்ததும். ஏசி எத்தனையில்? பதினாறு. எப்போ இருந்து எப்போ வரைக்கும்? வந்ததில் இருந்து காலையில் கிளம்பும் வரைக்கும். குளிக்க? சுடுதண்ணி, ரெண்டு வேளையும். ஹீட்டர் ஸ்விட்ச்? "அது பாட்டுக்குக் கெடக்கும், எதுக்கு அணைச்சு அணைச்சுப் போட்டுக்கிட்டு."

வெக்கை ஊரில் காசு கொடுத்துக் குளிரை வாங்கி, அந்தக் குளிருக்குக் கம்பளி! கூடவே வெந்நீர்! எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. பின்னால் நின்ற சித்ராக்கா எட்டிப் பார்த்து, "ஏனுங்க மாப்ள, அங்கயும் பனி எறங்குதுங்களா?" என்றுவிட்டாள்.

இவர் முகம் மாறியது. "சரி, வெக்கறேன்" என்றார். கட்.

சிரித்தது தப்போ. ஆனால் பில் எங்கே இருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேனே! சன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, ஹீட்டரை அணைத்தால் மூன்று பேர் என்ன, ஆறு பேர் இருக்கலாம்!


மே 6, புதன்

இவர் கூப்பிடவில்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

சித்ராக்கா மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். பத்தாம் தேதி நெருங்குது. ஒரு சிரிப்பால் எல்லாம் கெட்டுப்போனால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

தர்பூசணி பிடிக்கவில்லை.


மே 7, வியாழன்

காலையில் ஊருக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் போனைப் பார்த்தால் இவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். தொட்டேன். வட்டம் சுற்றுகிறது. பஸ் கிளம்பி மலை ஏற ஆரம்பித்துவிட்டது, சிக்னல் போச்சு. வளைவுக்கு வளைவு போனைத் தூக்கித் தூக்கிப் பிடிக்கிறேன். பக்கத்து சீட்டு அம்மா, "யாராச்சும் ஆஸ்பத்திரில இருக்காங்களா சாமி?" என்று கேட்டார். இல்லைங்க, மலேசியாவில் என்றேன்.

குஞ்சப்பனை தாண்டித்தான் வந்தது. காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். அப்படியே எழுதிவைக்கிறேன், மறக்கக் கூடாது.

"சுதா, கோவமெல்லாம் ஒன்னுமில்ல. வெக்கமாப் போச்சு, அதான் எடுக்கல. பில்லு எதனால வருதுன்னு எனக்குத் தெரியாதா? பகலெல்லாம் மெசின்கூடத்தான இருக்கறேன். இங்க வந்த புதுசுல போர்வை இல்லாமப் படுத்தேன். தூக்கமே வல்ல. எங்கியோ ரயிலு டேசன்ல படுத்த மாதிரி இருந்துச்சு. ஒரு நாளு ஏசியப் பதினாறுல வெச்சு, சன்னலச் சாத்திப்போட்டு, கம்பளிய இழுத்து மூடிப் பாத்தேன். நம்ம ஊடு மாதிரியே இருந்துச்சு. கண்ணத் தொறக்காத வரைக்கும் அரவேணுதான். ஒத்தைல கெடக்கறோம், குளுராவது கூட இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். உன்றகிட்ட பில்லச் சொன்னேன். இதச் சொல்ல முடியல."

சிரிப்பு வரவில்லை. அழுதேன், நன்றாகவே அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா முந்தானையை நீட்டினார். ஏசி சுகம் பழகிவிட்டது என்று இந்த மனுசனைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேனே! எங்களை ஒரு வருசம் தள்ளிப்போட்ட பில், எங்களை நினைத்து வந்த பில்.

வீட்டுக்கு வந்ததும் குளிர். முதல் தடவையாக இந்தக் குளிரைப் பார்த்துப் பொறாமை. இவ்வளவு நாள் அவர் பக்கத்தில் நீதானே இருந்தாய் என்று.


மே 8, வெள்ளி

மழை தூறல். பேக்கரியில் கூட்டம் குறைவு. கல்லாவுக்குப் பின்னால் நின்று இவருக்கு மெசேஜ் அடித்தேன். அடித்து அழித்து அடித்து.

அனுப்பியது: "சிரிச்சது தப்பு. வருத்தம். நாங்க மேட்டுப்பாளையத்துல ஏசி இல்லாம இருந்தோம். பாப்பாவுக்கு வேர்க்குரு, சந்தோசமா இருக்கா. பொழுது சாஞ்சதும் சன்னலத் தொறங்க. எதிர்ச் சன்னலும். ஃபேன் போடுங்க. ஹீட்டர அணைங்க. ஒரே ஒரு ராத்திரி அப்படிப் படுத்துப் பாருங்க. முடிஞ்சா ஆபீஸ்ல சரின்னு சொல்லுங்க. முடியலீன்னா விடுங்க, நான் கேக்க மாட்டேன்."

கடைசி வரி பொய். கேட்பேன்.

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.


மே 9, சனி

விடிந்ததும் தெளிவான வானம். அத்தை முதல் டீ போடும் முன்பே போன். இவர்.

குரல் கம்மியிருந்தது. தூங்கவில்லை என்றார். சன்னலைத் திறந்துவைத்தாராம், கொசு. ஃபேன் காற்றில் வேர்த்து ஊத்தியதாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் தமிழில்தான் சண்டை போடுவார்கள் என்பதே இவ்வளவு நாள் தெரியாதாம். புரண்டு புரண்டு படுத்து, விடியற்காலையில்தான் கொஞ்சம் கண் அசந்தாராம்.

போச்சு என்று நினைத்தேன். அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன். "அப்ப... ஆபீஸ்ல என்ன சொல்லப் போறீங்க?"

"சொல்லியாச்சே. நேத்தே."

"நேத்தேவா? என்னன்னுங்க?"

"வேணும்னுதான்."

"படுத்துப் பாக்கறதுக்கு முன்னாடியேவா?"

"உன்ற மெசேஜப் படிச்சேன். எந்திரிச்சு மேல ஆபீசுக்குப் போனேன். கையெழுத்துப் போட்டுட்டேன். அப்பறந்தான் ஊட்டுக்கே வந்து சன்னலத் தொறந்தேன்." பின்னால் ஃபேன் இன்னும் ஓடுகிற சத்தம். "நீங்க ரெண்டு பேரும் வந்துட்டா எனக்கு எதுக்குப் புள்ள குளுரு?"

அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தை வந்து போனைப் பிடுங்கி "ஏஞ் சாமி, இவ ஏன் அழுகறா?" என்று அவரிடமே கேட்டார்.

அடுத்த மாசக் கடைசிக்குள் விசா வந்துவிடுமாம். விமானம் கோயமுத்தூரிலிருந்து. பாப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை, அவளிடம் நான்தான் சொல்வேன், வேறு யாரும் சொல்லக் கூடாது.

மணி ஆச்சு. பேக்கரியில் லீவு சொல்லணும். லீவு இல்லை! வேலையை விடுகிறேன் என்று சொல்லணும்!